ஏதுவாளர் வாய் திறக்கக் கூடாது

உலகத்தில் ஆங்கிலம் கற்பிக்கப்பட்ட வரலாற்றை யார் எழுதப் புகுந்தாலும் இரண்டு பாகமாகத்தான் எழுதியாக வேண்டும். காவ்லாக் நகரத்துப் பொறியியல் கல்லூரி ஒன்றில் டாக்டர் மோமர் சில்லா நாற்காலிகளை வட்டமாகப் போடச் சொன்னதற்கு முன்பு ஒரு பாகம். பின்பு ஒரு பாகம். முதல் பாகம் இருண்ட காலம். அந்தக் காலத்தில் 'ஆசிரியர்' என்று ஒருவர் இருந்தார். அவருக்கு ஆங்கிலம் தெரிந்திருந்தது. தெரிந்ததை அவர் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். உப்பளங்களுக்கும் வேர்க்கடலைக் கிடங்குகளுக்கும் நடுவே இப்படியொரு காட்டுமிராண்டித்தனம் பதினெட்டு ஆண்டுகள் கேட்பாரில்லாமல் நடந்துவந்தது என்பதை இப்போது நினைத்தாலும் உடம்பு சிலிர்க்கிறது.

அந்தக் காட்டுமிராண்டியின் பெயர் லாத்திர் ங்கோம். ஒல்லியான மனிதர், ஐம்பதைத் தாண்டியவர், வாயில் எந்நேரமும் ஒரு பல்குச்சி. காலையில் வாடகை மோட்டார்சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து, முகத்தில் பாதித் தெருவின் புழுதியோடு வந்து இறங்குவார். கரும்பலகையில் வினைச்சொற்களை எழுதுவார். மாணவர்கள் அதைப் பார்த்து எழுதுவார்கள். உண்மையை மறைப்பானேன், மதிய வகுப்பில் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். மீதிப் பாதிக்கு ஆங்கிலத்தில் ஒரு விண்ணப்பம் எழுதவும், இயந்திரத்தின் மேல் ஒட்டியிருக்கும் எச்சரிக்கையைப் படிக்கவும் வந்தது. பொறியியல் மாணவர்கள் என்பதால், 'நில்', 'விலகு', 'கவனி' என்ற சொற்களை முதல் மாதமே நெஞ்சு வெடிக்கக் கத்தச் சொல்லிப் பழக்குவார். பக்கத்து வகுப்புக் கணித ஆசிரியர் இதைப் பற்றிப் பலமுறை புகார் கொடுத்திருக்கிறார்.

இரண்டாம் பாகம் டாக்டர் சில்லாவோடு தொடங்குகிறது. அவர் படித்தது மண் இயக்கவியல். எந்த மண் எவ்வளவு பாரம் தாங்கும் என்று சொல்லும் படிப்பு. ஆனால் மேதைகள் படித்த துறையிலேயே கிடப்பதில்லை. குளிர்நாடு ஒன்றில் நடந்த ஒரு வாரக் கருத்தரங்குக்குப் போய் ஒரு கம்பளி நூல் உருண்டையோடும் ஒரு சிறு மணியோடும் ஒரு சான்றிதழோடும் திரும்பி வந்தார். வந்த மாதமே 'அனுபவக் கற்றல் மற்றும் குழு இணக்கப் பிரிவு' பிறந்தது. அதன் ஒருங்கிணைப்பாளர் அவரே. பிரிவுக்கென்று குளிர்சாதன அறை ஒன்று ஒதுக்கப்பட்டது. அதில் நாற்காலிகள் வட்டமாக இருந்தன. லாத்திர் ங்கோமை முதல் ஆளாக அங்கே அழைத்தார்.

"முசே ங்கோம், இன்னையிலேர்ந்து நீங்க ஆசிரியர் இல்ல" என்றார் டாக்டர், 'ஐயா' என்பதைப் பிரெஞ்சில் போட்டு.

வேலை போய்விட்டது என்று நினைத்து ங்கோம் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏதுவாளர்."

"அப்படின்னா நான் என்ன செய்யணும் டாக்டர்?"

"ஒண்ணும் செய்யக் கூடாது. அதுதான் கஷ்டமே. எல்லாராலயும் முடியாது."

ஏதுவாளர் என்பவர் கற்றலுக்கு ஏதுவான சூழலை உண்டாக்குபவர் என்று டாக்டர் விளக்கினார். ஏதும் ஆளாதவர் என்று ங்கோம் புரிந்துகொண்டார். இரண்டும் ஒன்றுதான் என்பது போகப் போகத் தெரிந்தது.

புதிய முறையின் விதிகள் எளிமையானவை, எனவே உன்னதமானவை. தவறு என்று ஒன்று கிடையாது. 'வளர்ச்சி வாய்ப்பு' மட்டுமே உண்டு. ஆகவே ஏதுவாளர் யாரையும் திருத்தக் கூடாது. குழு வேலை நடக்கும்போது வாய் திறக்கவே கூடாது. 'நில்', 'விலகு' போன்ற கட்டளைச் சொற்கள் அதிகாரத் தோரணை உள்ளவை, குழு மனப்பான்மைக்கு எதிரானவை. அவை பாடத்திட்டத்திலிருந்து நீக்கப்பட்டன. அந்த இடத்தில் 'பண்புடன் குறுக்கிடுதல்' என்ற பாடம் சேர்ந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, குழுவில் ஆங்கிலம் தவிர வேறு மொழி ஒலிக்கக் கூடாது. ஊர்மொழியான வோலோஃபோ ஆட்சிமொழியான பிரெஞ்சோ வாய்தவறி வந்துவிட்டால், வந்தவர் கழுத்தில் ஒரு பச்சை வட்ட அட்டை தொங்கவிடப்படும். அதன் பெயர் 'நினைவூட்டுப் பதக்கம்'. அடுத்து யார் தவறுகிறாரோ அவர் கழுத்துக்கு அது மாறும்.

இதைக் கேட்டதும் ங்கோமுக்குத் தன் ஆரம்பப் பள்ளி ஞாபகம் வந்தது. அங்கே பிரெஞ்சுக்குப் பதில் தாய்மொழியான செரேர் பேசிய பையன் கழுத்தில் மாட்டெலும்பு ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுவார்கள். அவர் கழுத்தில் அது வாரத்தில் பாதி நாள் இருந்தது. இதை டாக்டரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

டாக்டர் சில்லா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது எலும்பு, முசே ங்கோம். இது மறுசுழற்சி செஞ்ச அட்டை" என்றார்.

வேறுபாடு அவ்வளவு தெளிவாக இருந்ததால் ங்கோம் மேற்கொண்டு பேசவில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். முதல் சில வாரங்கள் அவருக்கே அது பிடித்திருந்தது. நூல் உருண்டையை ஒருவர்மேல் ஒருவர் எறிந்து, பிடித்தவர் தன்னைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். மதிய வகுப்பில் தூங்குகிறவர்கள் விழித்திருந்தார்கள். சிரித்தார்கள். பதினெட்டு வருடத்தில் தன்னால் முடியாதது ஒரு நூல் உருண்டையால் முடிந்ததே என்று அவருக்குச் சற்று வெட்கமாகக்கூட இருந்தது. தவறான வாக்கியங்களைக் கேட்கும்போது மட்டும் பல்குச்சியை அழுத்திக் கடித்துக்கொள்வார். அந்தப் பருவத்தில் அவர் கடித்துத் தீர்த்த குச்சிகளுக்கு ஒரு சிறு மரம் தேறும்.

அந்தக் குழுக்களில் மலாங் பாஜி என்று ஓர் இறுதியாண்டு மாணவன் இருந்தான். தெற்கே காஸமான்ஸிலிருந்து வந்தவன், ஜோலா இனத்தான். ங்கோமின் செரேர் இனத்துக்கும் ஜோலாவுக்கும் பரம்பரையாகக் கேலிமுறை. ஒருவரையொருவர் அடிமை என்று கூப்பிட்டுக்கொள்வதுதான் அங்கே மரியாதை, கூப்பிடாவிட்டால்தான் மனத்தாங்கல். வேப்பமரத்தடியில் மாணவர்கள் கரி அடுப்பில் தேநீர் கொதிக்கவிட்டுக்கொண்டிருக்கும்போது ங்கோம் அந்தப் பக்கம் வந்தால் மலாங் எழுந்திருக்க மாட்டான்.

"என்னடா, எஜமான் வர்றது கண்ணு தெரியலையா?" என்பார் ங்கோம்.

"எஜமான் உக்காந்துதான் இருக்கேன், முசே. நீங்க நின்னுக்கிட்டே பேசலாம், அனுமதி உண்டு."

"சோத்துப் பானைக்குள்ள பொறந்த பயலே, உனக்கு இங்கிலீஷ்ல மார்க் போடறது யாரு?"

"யாரும் இல்ல. நீங்கதான் இப்ப ஏதுவாளர் ஆச்சே."

சுற்றியிருப்பவர்கள் சிரிப்பார்கள். ங்கோமும் சிரித்துக்கொண்டே அவன் கையிலிருக்கும் தேநீர்க் கோப்பையைப் பிடுங்கிக் குடித்துவிட்டுப் போவார். மலாங்குக்குப் பெரிய ஆங்கிலம் வராது. ஆங்கிலம் புழங்கும் காம்பியாவின் எல்லையில் பாலம் கட்டும் இடத்தில் அவனுக்கு வேலை காத்திருந்தது. ஆங்கிலத்தில் தேறினால்தான் சான்றிதழ். சான்றிதழ் இருந்தால்தான் வேலை.

மாணவர் விடுதியில் மாடிக்குத் தண்ணீர் ஏறுவதில்லை. மாணவர்கள் வாளியில் சுமந்து ஏறுவார்கள். இரும்புக் கோபுரம் ஒன்றை நிறுத்தி மேலே தொட்டி வைக்க வேண்டும் என்று கல்லூரி நீண்ட காலமாக யோசித்துவந்தது. டாக்டர் சில்லா ஒரே கல்லில் மூன்று மாங்காய் அடித்தார். கோபுரத்தை மாணவர்களே ஆங்கிலம் பேசிக்கொண்டு குழுவாக நிறுத்தட்டும். தொட்டிக்குத் தொட்டி, மொழிக்கு மொழி, இணக்கத்துக்கு இணக்கம். நான்காவது மாங்காய் தூனிஸிலிருந்து விமானத்தில் வந்துகொண்டிருந்தது. கல்லூரிக்குச் சர்வதேச அங்கீகாரம் வழங்குவதற்கான மதிப்பீட்டாளர், முசே ஹபீப் கரூயி. கோபுரம் எழும் காட்சியை அவர் நேரில் காண்பார்.

பாரம் தூக்கும் இயந்திரம் வருமா என்று ங்கோம் கேட்டார். இயந்திரம் தூக்கினால் அனுபவம் இயந்திரத்துக்குத்தானே போகும் என்றார் டாக்டர். கட்டுமானத் துறைப் பேராசிரியர் யாராவது பக்கத்தில் இருப்பாரா என்று கேட்டார்.

"பாடம் இங்கிலீஷ். அதுல கட்டுமானத் துறை எதுக்கு மூக்கை நுழைக்கணும்? நாளைக்கு அவங்க பாடத்துல நீங்க போய் நிப்பீங்களா?"

தலைக்கவசம்? அணிந்தால் முகபாவம் மறையும். தொடர்பாடலில் பாதி முகபாவம்தான். ஒவ்வொரு கேள்விக்கும் பதில் தயாராக இருந்தது. இப்படிப்பட்ட தயார்நிலை உலகில் வேறெங்கும் காணக் கிடைக்காது.

குழுத் தலைவி யாசின் ம்பே. ஆங்கிலத்தில் கெட்டிக்காரி, எதையும் ஒழுங்காகச் செய்பவள். ஒத்திகையில் அவளுக்கு ஒரு சிக்கல் வந்தது. கோபுரம் படுத்த நிலையில் இருக்கும். தெற்கே இருப்பவர்கள் கயிறு பிடித்து இழுத்தால் அது எழும். எழுந்தது தெற்கே கவிழாமலிருக்க வடக்கே ஒரு கயிறு. அது தரையில் அடித்த இரும்பு முளையில் சுற்றியிருக்கும். கோபுரம் எழ எழ அதைத் தளர்த்திக்கொண்டே வர வேண்டும். 'தளர்த்து' என்பதற்கு ஆங்கிலத்தில் என்ன? குழு வட்டமாக உட்கார்ந்து 'கண்டறிய' முயன்றது. ங்கோமுக்குச் சொல் நாக்கு நுனியில் இருந்தது. மலாங் அவர் முகத்தையே பார்த்தான். அவர் குச்சியைக் கடித்தார். முக்கால் மணி நேர இணக்கத்துக்குப் பிறகு, 'கயிற்றுக்குச் சற்று ஓய்வளிப்பது குறித்துப் பரிசீலிப்போமா?' என்ற வாக்கியம் ஒருமனதாக ஏற்கப்பட்டது.

அந்த நன்னாளும் வந்தது. காவ்லாக்கின் வெயில் கண்ணைக் குருடாக்கிக்கொண்டிருந்தது. மைதானத்தின் தெற்கே பந்தல். பந்தலுக்குள் நீண்ட மேசையில் சிவப்பு பிஸாப் சாறு, மீன் அடைத்துப் பொரித்த ஃபத்தாயா, பூங்கொத்து. நடுவில் மதிப்பீட்டாளருக்கு மெத்தை தைத்த நாற்காலி. டாக்டர் சில்லா அவரோடு காலையிலிருந்து ஆங்கிலத்தில் மட்டுமே பேசினார். முசே கரூயி அத்தனைக்கும் தலையாட்டினார். அவருக்கு அரபும் பிரெஞ்சும் தெரியும். ஆங்கிலத்தில் ஒரு சொல் தெரியாது. ஆங்கிலத்தை மதிப்பிட வந்தவர் அதை எப்படி வாய்விட்டுச் சொல்வார்? கேட்பதும் நாகரிகமில்லை என்பதால் டாக்டரும் கேட்கவில்லை.

யாசின் ஒலிபெருக்கியைக் கையில் எடுத்தாள். அவர்கள் ஆங்கிலத்தில் பேசியதை அந்த விறைப்புக் குறையாமல் இங்கே தர வேண்டியிருக்கிறது.

"மதிப்பிற்குரிய தென்குழுவினரே, இழுத்தல் என்னும் செயலைத் தொடங்குவது குறித்து உங்கள் கருத்து யாது?"

"நாங்கள் உடன்படுகிறோம்" என்றது தென்குழு.

கோபுரம் தரையை விட்டு எழுந்தது. இழுப்பவர்களில் முன்வரிசையில் மலாங். பக்கவாட்டில், கோட்டுக்கு வெளியே, கழுத்தில் 'ஏதுவாளர்' அட்டையோடு ங்கோம். வடக்கு முளையருகே தெம்பா ஸெக் என்ற மாணவன். அவன் சாது, பண்புடன் குறுக்கிடுதலில் வகுப்பிலேயே முதல்வன்.

கோபுரம் பாதிக்கு மேல் எழுந்தபோது வடக்குக் கயிறு விறைத்தது. தளர்த்த வேண்டிய நேரம். யாசின் ஓய்வளிப்பது குறித்த வாக்கியத்தைத் தொடங்கினாள். அந்த வாக்கியம் நீளமானது. அவள் பாதி வருவதற்குள் கோபுரம் நிமிர்ந்து, கயிறு முளையை ஒரு வெட்டு வெட்டி இழுத்தது. உப்பு மண், பிடிமானம் கிடையாது. முளையைச் சுற்றித் தரையில் ஒரு விரிசல் ஓடியது.

தெம்பா அதைப் பார்த்தான். விதிப்படி கையை உயர்த்தினான்.

"மன்னிக்கவும். தங்கள் கவனத்தை ஒரு விஷயத்தின்பால் ஈர்க்க எனக்கு அனுமதி கிடைக்குமா?"

"நன்றி, தெம்பா. உங்கள் பங்களிப்பை நாங்கள் பெரிதும் மதிக்கிறோம்" என்றாள் யாசின், நிமிர்ந்த கோபுரத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "பேச்சாளர் வரிசையில் தாங்கள் மூன்றாமவர். சற்றுக் காத்திருக்க இயலுமா?"

"நிச்சயமாக. இருப்பினும், முளையைப் பொறுத்தவரை எனக்குச் சில கவலைகள் உள்ளன என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன்."

முளை சாய்ந்தது. அதன் அடிமண் கையளவுக்குப் பெயர்ந்து மேலே வந்தது.

லாத்திர் ங்கோமும் பார்த்தார். முதலில் பார்த்தது அவர்தான். விரிசல் ஓடியபோதே பார்த்தார். ஒரு சொல் அவர் தொண்டைக்கு வந்தது. பதினெட்டு ஆண்டுகள் ஒவ்வொரு முதலாண்டு மாணவனையும் கத்தவைத்த சொல். அதே நேரம் பந்தலில் டாக்டர் சில்லா இருப்பதும், கழுத்தில் அட்டை இருப்பதும், ஏதுவாளர் குறுக்கிட்டதால் அங்கீகாரம் போயிற்று என்று நாளைக்கு வரப்போகும் பேச்சும் ஞாபகத்துக்கு வந்தன. குச்சியைக் கடித்துக்கொண்டு நின்றார்.

பந்தலில் டாக்டர் மதிப்பீட்டாளர் பக்கம் குனிந்து, "என்ன அமைதி பார்த்தீர்களா? ஒருவரும் பதறவில்லை" என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஓடுங்கடா! கோபுரம் இங்கதான் சாயுது, எல்லாரும் வெளிய ஓடுங்க!"

கலப்படமில்லாத வோலோஃப். மலாங் கயிற்றை விட்டுவிட்டுக் கத்தினான். தென்குழு இருபக்கமும் சிதறி ஓடியது. தூனிஸ்காரருக்கு வோலோஃப் தெரியாது. ஆனால் அந்தக் குரலுக்கு அர்த்தம் கேட்டுக்கொண்டிருக்கத் தேவையில்லை. கையிலிருந்த ஃபத்தாயாவோடு ஓடினார். ஓடாதவர் ஒருவர்தான். டாக்டர் சில்லா எழுந்து, மலாங்கை நோக்கி விரலை உயர்த்தி, "ஆங்கிலத்தில்" என்றார். முளை பிடுங்கிக்கொண்டது. மலாங் பந்தலுக்குள் பாய்ந்து அவரை இடுப்போடு வாரி இழுத்துக்கொண்டு வெளியே உருண்டான்.

கோபுரம் விழுந்தது. மேசை, பூங்கொத்து, பிஸாப் சாறு, மெத்தை நாற்காலி எல்லாம் அதன் அடியில் போயின. டாக்டரின் இடது கால் செருப்பும் போயிற்று. மனிதர்கள் எல்லாரும் இருந்தார்கள். புழுதி அடங்கியதும் டாக்டர் எழுந்து உடையைத் தட்டிக்கொண்டார். பையிலிருந்து பச்சைப் பதக்கத்தை எடுத்தார். அதை மலாங் கழுத்தில் மாட்டினார். கை நடுங்கியது, கொள்கை நடுங்கவில்லை.

இப்படிப்பட்ட சமயத்தில் சாதாரணக் கல்லூரி என்ன செய்யும்? முளையைப் போய்ப் பார்க்கும். இந்தக் கல்லூரி மறுநாளே ஒரு விசாரணைக் குழு அமைத்தது. குழியில் விழுந்த எதையும் தூக்கிவிடலாம். குழுவில் விழுந்ததைத் தூக்க முடியாது. தலைவர் டாக்டர் சில்லா. உறுப்பினர்கள் இருவர், இருவரும் அவர் பிரிவைச் சேர்ந்தவர்கள். வட்டமாக உட்கார்ந்தார்கள். சாட்சி சொல்ல ங்கோமை அழைத்தார்கள்.

குழுவின் கண்டுபிடிப்பு அறிவியல் பூர்வமானது. வோலோஃப் ஒலித்தது முதலில். கோபுரம் விழுந்தது அதன் பிறகு. எனவே வோலோஃபினால் விழுந்தது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்ததற்கே காக்கைதான் பொறுப்பு என்னும்போது இதில் சந்தேகத்துக்கு இடமேது? தெம்பா ஸெக் முழு வாக்கியங்களில், உரிய பண்புடன், இருமுறை குறுக்கிட்டதற்காக முழு மதிப்பெண். யாசின் ம்பே பேச்சாளர் வரிசையைக் கடைசிவரை காப்பாற்றியதற்காகச் சிறப்புக் குறிப்பு. அதை அவளிடம் சொன்னபோது அவள் அழுதாள். மகிழ்ச்சிக் கண்ணீர் என்று பதிவாயிற்று. வெளியே வந்து ங்கோமிடம், "அவன் சொல்ல வந்தப்ப நான்தான் வரிசையில நிக்கச் சொன்னேன், முசே" என்று அவள் சொன்னது பதிவாகவில்லை.

மலாங் பாஜிக்குப் பூஜ்யம். வேற்றுமொழிப் பயன்பாடு, கட்டளைத் தொனி, அதிகாரியைக் கட்டிப் பிடித்து இழுத்தது.

"அந்த நேரத்துல அவன் இங்கிலீஷ்ல என்ன சொல்லியிருக்கணும்னு குழு நினைக்குது?" என்று கேட்டார் ங்கோம்.

நியாயமான கேள்வி என்று குழு அதை எடுத்துக்கொண்டது. 'இவ்விடத்தில் தொடர்ந்து நிற்பது உகந்ததாக இராது என அஞ்சுகிறேன்' என்று ஒரு உறுப்பினர் முன்மொழிந்தார். 'அஞ்சுகிறேன்' எதிர்மறை உணர்ச்சி, 'நம்புகிறேன்' என்று இருக்கலாமே என்றார் இன்னொருவர். தேநீர் இரண்டு சுற்று முடிந்தது. வாக்கியம் முடியவில்லை. அதற்கு ஒரு துணைக்குழு அமைக்கப்பட்டது.

ங்கோமுக்குள் என்னவோ அறுந்தது. குச்சியை வாயிலிருந்து எடுத்தார்.

"டாக்டர், முளை பெயர்றதை அவனுக்கு முன்னாடி நான் பாத்துட்டேன். 'விலகு'ன்னு ஒத்தச் சொல். எத்தனை வருஷமா சொல்லிக்குடுத்த சொல்லு, வாய் வரைக்கும் வந்துச்சு. ஏதுவாளர் பேசக் கூடாதுன்னு பேசாம நின்னேன். அந்தப் பையன் கத்தலேன்னா இன்னைக்கு நீங்க இந்த நாற்காலியில இல்ல. பூஜ்யம் போடணும்னா எனக்குப் போடுங்க."

டாக்டர் சில்லா அவரை நெடுநேரம் பார்த்தார். அவர் கண் லேசாகக் கலங்கியது போலிருந்தது.

"பார்த்தும் பேசலையா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"பேசலை."

"இதை முழுசா எழுதிக்குங்க" என்று டாக்டர் உறுப்பினரிடம் சொன்னார்.

தன்மேல் நடவடிக்கை வரப்போகிறது என்று ங்கோம் நினைத்தார். நினைத்ததும் வருத்தத்துக்குப் பதில் ஒரு நிம்மதி வந்தது. மலாங்கின் பூஜ்யத்தில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டு எழுந்து வந்தார். ஏதுவாளர் கையெழுத்து இல்லாமல் மதிப்பெண் மேலிடத்துக்குப் போகாது. ஏதும் ஆளாதவருக்கும் அந்த ஒரு துளி ஆளுகை இருந்தது. டாக்டர் தினமும் ஆள் அனுப்பினார். ங்கோம் தினமும் பேனாவில் மை இல்லை என்று சொல்லியனுப்பினார். மலாங்கை அழைத்துக்கொள்ளக் காத்திருந்த பாலத்துக்காரர்கள் இரண்டு முறை தொலைபேசியில் கேட்டுவிட்டார்கள்.

அந்த மாதக் கடைசியில் தூனிஸிலிருந்து முசே கரூயியின் அறிக்கை பிரெஞ்சில் வந்தது. கல்லூரிக்கு அங்கீகாரம் வழங்கப்பட்டிருந்தது. டாக்டர் அதை ஆசிரியர் கூட்டத்தில், அதாவது ஏதுவாளர் கூட்டத்தில், எழுந்து நின்று வாசித்தார். நிர்வாகம் நன்று. உபசரிப்பு நன்று. கோபுரம் குறித்து மதிப்பீட்டுப் படிவத்தில் கேள்வி இல்லை என்பதால் கருத்து இல்லை. கடைசிப் பத்தியை வாசிக்க வாசிக்க அவர் குரல் இறங்கியது.

'ஆங்கிலத்தில் எனக்கிருந்த புலமை குறைவு என்பதை ஒப்புக்கொள்கிறேன். அன்று முழுவதும் பலர் பேசிய ஆங்கிலம் எனக்கு விளங்கவில்லை. ஆனால் முன்வரிசை மாணவர் ஒருவர் பேசிய ஆங்கிலம், அந்த மொழியே அறியாத எனக்கும் ஒரே கணத்தில் விளங்கியது. மொழிக் கல்வியின் உச்சம் அது. அங்கீகாரத்துக்கு அதுவே முதற்காரணம்.'

ங்கோம் எழுந்தார்.

"அந்தப் பையனுக்கு நாம பூஜ்யம் போட்டிருக்கோம், டாக்டர். அவன் பேசினது இங்கிலீஷ் இல்லன்னு தூனிஸுக்கு எழுதிப் போட்டுடலாமா?"

டாக்டர் சில்லா அறிக்கையைப் பார்த்தார். அதன் அடியிலிருந்த முத்திரையைப் பார்த்தார். மேதைகள் சிறு விஷயங்களில் பிடிவாதம் காட்டுவதில்லை. மலாங் பாஜி பேசியது ஆங்கிலமே என்றும், அது மிக உயர்தரமான ஆங்கிலம் என்றும், அவசரத்தில் கேட்டவர்களுக்கு அது வோலோஃப் போல ஒலித்திருக்கலாம் என்றும் அன்றைக்கே தீர்மானம் நிறைவேறியது. பூஜ்யத்துக்கு முன்னால் ஒரு இலக்கமும் பின்னால் ஒரு பூஜ்யமும் சேர்ந்து அது நூறாயிற்று. கல்லூரி வரலாற்றில் ஆங்கிலத்தில் நூறு வாங்கிய முதல் மாணவன் அவன்தான். ங்கோமின் பேனாவில் மை வந்தது.

ஊருக்குக் கிளம்பும் நாளில் மலாங் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவரைத் தேடி வந்தான். விழுந்த கோபுரம் மைதானத்தில் கிடந்தபடியே கிடந்தது. மாணவர்கள் வாளிகளோடு அதைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். இருவரும் அதன் இரும்பில் உட்கார்ந்தார்கள்.

"எஜமான் கிளம்புறேன், முசே. அடிமை ஒழுங்கா இருக்கணும்."

"போடா, போய்ப் பாலத்தையாவது விழாம கட்டு. காம்பியாக்காரன் இங்கிலீஷ்ல கேட்டா என்ன செய்வ?"

"கத்துவேன். எனக்குத்தான் நூறாச்சே."

சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் மலாங் செருப்பின் நுனியால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தான்.

"ஒண்ணு கேக்கணும், முசே. அன்னைக்கு முளையைப் பாத்ததும் நான் உங்களைத்தான் பாத்தேன். நீங்களும் பாத்துட்டீங்கன்னு உங்க முகத்துலயே தெரிஞ்சுச்சு. சரி, முசே கத்திடுவாருன்னு கொஞ்சம் காத்திருந்தேன்."

கேலிமுறைக்காரன் எது சொன்னாலும் உடனே திருப்பியடிக்க வேண்டும், அதுதான் முறை. லாத்திர் ங்கோமுக்கு அன்று திருப்பிச் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. மலாங் அவர் கையைக் குலுக்கி, வாடகை மோட்டார்சைக்கிளைக் கைதட்டி நிறுத்தி ஏறிப் போனான்.

ஆண்டு விழா சிறப்பாக நடந்தது. விழாவில் அந்த ஆண்டிலிருந்து ஒரு புதிய விருது ஏற்படுத்தப்பட்டிருந்தது: 'தலைசிறந்த ஏதுவாளர்'. தன் பெயர் வாசிக்கப்பட்டபோது ங்கோமுக்கு முதலில் விளங்கவில்லை. பக்கத்திலிருந்தவர்கள் தள்ளிவிட்ட பிறகுதான் எழுந்து மேடைக்குப் போனார். டாக்டர் சில்லா அவர் தோளில் கைவைத்து, கண்ணாடிப் பேழையில் பதித்த பித்தளைத் தகட்டைக் கொடுத்தார். பிறகு விசாரணைக் குழுவின் பதிவிலிருந்தே எடுத்த பாராட்டுரையை, அரங்கம் முழுக்கக் கேட்கும்படி நிறுத்தி நிதானமாக வாசித்தார்.

"ஆபத்து நெருங்குவதை அனைவருக்கும் முன்பாகத் தம் கண்ணால் கண்டவர் இவர். எச்சரிக்கும் சொல்லை அறிந்தவர். அச்சொல் வாய்வரை வரப் பெற்றவர். அப்படியிருந்தும், தம் மாணவர்கள்மேல் கோபுரம் சாய்ந்துகொண்டிருந்த அந்தக் கணத்திலும், விதியை மீறாமல், வாய் திறவாமல் நின்றவர்."

அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று. அந்த ஆண்டு கல்லூரி வெளியிட்ட அத்தனை அறிக்கைகளிலும், தீர்மானங்களிலும், சான்றிதழ்களிலும், ஒரு சொல்கூடப் பொய் இல்லாதது அந்தப் பாராட்டுரை ஒன்றுதான்.